உடைக்கு என்ன வேலை?
முத்துக்குளிப்பும் வீடியோ விளையாட்டும்

தூத்துக்குடி என்றதும் நம் நினைவுக்கு வருவன துறைமுகம், உப்பளம், முத்து ஆகியவை. முத்து எடுக்கக் கடலில் குளித்தவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று எப்போதாவது எண்ணிப் பார்த்ததுண்டா? இடுப்பில் ஒரு கச்சை. அவ்வளவுதான். அதே மன்னார் வளைகுடாவில் இன்று கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் சட்டை, விரல்களில் துணிச் சுற்று, காலில் ரப்பர் செருப்பு, கண்ணில் நீர்க் கண்ணாடி.

இனி, வீட்டிலுள்ள கணிப்பொறியையோ கைப்பேசியையோ திறந்து ஒரு வீடியோ விளையாட்டைப் பாருங்கள். அங்கும் ஒரு பெண் கடலில் குதிக்கிறாள், மூழ்கிய கப்பலில் நுழைந்து புதையல் தேடுகிறாள், சுறாவுடன் போரிடுகிறாள். அவள் உடுத்தியிருப்பது என்ன? பல விளையாட்டுகளில் அது கடலுக்கு ஏற்றதாகவும் இல்லை. போருக்கு ஏற்றதாகவும் இல்லை. அவளுடன் செல்லும் ஆண் வீரன் தலை முதல் கால் வரை இரும்புக் கவசம் பூண்டிருக்க, அவளுக்கு மட்டும் கவசம் துண்டு துண்டாய் நிற்கிறது.

இது நாகரிகத்தைப் பற்றிய கேள்வி, பெரியவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் இதில் இயற்பியலும் இருக்கிறது. உடை என்பது ஒரு கருவி. கருவி என்றால் அதற்கு வேலை உண்டு. அந்த வேலையை அது செய்கிறதா, இல்லையா என்று அளந்து பார்க்க முடியும். அப்படி அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மூச்சு, ஒரு கல், ஒரு கச்சை

முத்துக்குளிப்பை நம் கரையில் ‘சலாபம்’ என்றும் சொல்வர். தாமிரவருணி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த கொற்கை, பண்டைய பாண்டியர்களின் முத்துத் துறை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல் கொற்கையைக் குறிப்பிடுகிறது. அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்து எடுத்தார்கள் என்றும் அது கூறுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவும் இக்கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்.

தூத்துக்குடிக்கு எதிரே கடலுக்கடியில் உள்ள பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். முத்துச் சிப்பிகள் வாழ்வது இந்தப் பார்களில்தான். 10, 20 மீட்டர் ஆழம் என்பது இங்கே சாதாரணம். காற்றுக்குழாய் இல்லாத நாளில், ஒரே மூச்சில் அங்கே போய்ச் சிப்பிகளைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பவேண்டும். இதற்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் எத்தனை வினாடி கடலடியில் கிடைக்கிறது என்பதுதான் குளிப்பாளியின் வருமானம்.

கீழே விரைவாகப் போவதற்கு என்ன செய்தார்கள்? கயிற்றில் கட்டிய கனத்த கல்லின் மேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இறங்கினார்கள். மூச்சு நிறைய இழுத்த மனிதன் தானாக மூழ்க மாட்டான், மிதப்பான். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் உங்களுக்குத் தெரியும். கல் 15 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். கருங்கல்லின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 2.6 மடங்கு. ஆகவே அக்கல் நீரில் 6 கிலோகிராம் அளவுக்கு எடை இழக்கும். மீதியுள்ள 9 கிலோகிராம் எடை மனிதனைக் கீழே இழுக்கும். அடியில் கால் பட்டதும் கல்லை விட்டுவிடுவான். படகில் இருப்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் குளிப்பாளியையும் மேலே இழுப்பார். இந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தங்கை விதவையாகக் கூடாது என்ற எண்ணத்தில் அவன் கவனமாக இருப்பானாம்!

இப்போது உடைக்கு வருவோம். நீர் காற்றைப்போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. நீரில் நகரும் பொருளைப் பின்னுக்கு இழுக்கும் தடை விசை, அந்தப் பொருளின் குறுக்குப் பரப்புக்கும் வேகத்தின் இருமடிக்கும் ஏற்ப வளர்கிறது. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. தொளதொளப்பான துணி குடைபோல் விரிந்து பரப்பைக் கூட்டும். தடையை வெல்லக் கூடுதல் ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜனோ நெஞ்சில் அடைத்துவைத்த அந்த ஒரு மூச்சில் உள்ளது மட்டுமே. ஒவ்வொரு முழத் துணிக்கும் சில வினாடிகளை விலையாகக் கொடுக்கவேண்டும். ஆகவே அவன் கச்சையோடு நிறுத்திக்கொண்டான்.

அவன் உடல் குளிராதா? மன்னார் வளைகுடாவின் மேல்நீர் பெரும்பாலும் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். ஒரு நிமிடம் நீரில். பிறகு வெயிலில் ஓய்வு. இழந்த வெப்பத்தை வெயில் திருப்பிக் கொடுத்துவிடும்.

இதில் ஓர் உண்மையை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உடை குறைவாக இருப்பது தவறும் அன்று. நிறைய இருப்பது சிறப்பும் அன்று. குளிப்பாளியின் கச்சை மிகச் சிறிய உடை. ஆனால் முழுமையான உடை. வேலையே அதை அப்படி வெட்டிக் கொடுத்தது.

தூத்துக்குடியில் கடைசியாக அரசு நடத்திய முத்துச் சலாபம் 1961ஆம் ஆண்டில் முடிந்தது. 1973ஆம் ஆண்டில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டினர். சங்கு குளிப்போர் இன்றும் உண்டு. அவர்களிற் பலர் படகிலுள்ள காற்றழுத்தியிலிருந்து வரும் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். வேலையின் நேரம் நீண்டது. அதோடு அணிகலமும் கருவியும் மாறிவிட்டன.

அதே கடல், வேறு வேலை

தூத்துக்குடியிலிருந்து வடகிழக்கே போனால் பாம்பன், இராமேசுவரம். இடையில் வரிசையாக 21 சிறு தீவுகள். இவை 1986ஆம் ஆண்டில் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இப்பகுதியில் மீனவப் பெண்கள் பலர் கடலில் மூழ்கிப் பாசி பறிக்கிறார்கள். ‘மரிக்கொழுந்து’ என்று அவர்கள் அழைக்கும் பாசியிலிருந்துதான் அகர் என்னும் பொருள் கிடைக்கிறது. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் நுண்ணுயிர் வளர்க்கும் தட்டிலே கெட்டியாக இருக்கிறதே, அதுதான் அகர். பாசி வளத்தை அழியாமல் காத்து எடுப்பதில் முன்நின்றதற்காக, சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்ற பாசி எடுக்கும் பெண்மணி 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பினுடைய பரிசைப் பெற்றார்.

இவர்களுடைய வேலை முத்துக்குளிப்பினின்றும் வேறுபட்டது. ஆழம் குறைவு, நேரம் அதிகம். பல மணி நேரம் முதுகில் வெயில் படக் குனிந்தும், மூழ்கியும், எழுந்தும் பறிக்கவேண்டும். கையும் காலும் உரசுவது கூர்மையான பாறை. நீரில் மிதந்து வருவது, ‘சொறி’ என்று மீனவர் சொல்லும் இழுதுமீன். அது பட்டால் தோல் தீப்பட்டதுபோல் எரியும்.

ஆகவே விரலுக்குத் துணிச் சுற்று. பாறை கிழிக்காமல் இருக்க. செருப்பு, அதே காரணம். முழுக்கைச் சட்டை, வெயிலுக்கும் சொறிக்கும் தடுப்பு. கண்ணாடி எதற்கு? நம் விழி காற்றில் பார்க்க அமைந்தது. விழியின் முன்பக்கமுள்ள கருவிழிப் படலத்தின் ஒளிவிலகல் எண்ணும் நீரின் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே நீர் நேரே விழியைத் தொட்டால் ஒளி போதுமான அளவு வளையாது. எல்லாம் மங்கலாகத் தெரியும். கண்ணாடி, விழிக்கு முன் ஓர் அடுக்குக் காற்றை நிறுத்தி வைக்கிறது. பார்வை தெளிகிறது.

சேலை எதற்கு? இதற்கு மட்டும் இயற்பியலில் விடை இல்லை. ஐந்தரை மீட்டர் துணி நீருக்குள் காலைச் சுற்றும், தடையைக் கூட்டும். துணி குடித்த நீர் கடலுக்குள் இருக்கும்வரை எடை தெரியாது; ஏனெனில் நீருக்குள் நீர் மிதக்கிறது. ஆனால் அதன் நிறை எங்கும் போய்விடவில்லை. ஒவ்வொரு முறை உடலைத் திருப்பும்போதும் அந்த நீரையும் சேர்த்துத் திருப்பவேண்டும். கரையேறும்போதோ அதன் எடை முழுவதும் இடுப்பில் வந்து உட்காரும். அப்பெண்கள் சேலையை இழுத்துச் செருகி, மேலே சட்டை போட்டு, முடிந்தவரை அதை அடக்கி வைக்கிறார்கள். கடல் கேட்டது சட்டையும் செருப்பும் கண்ணாடியும். சேலையைக் கேட்டது ஊர். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் நமக்கு வேண்டியிருக்கும்.

குளிரை வென்ற இயற்பியலார்

நம் கடல் வெதுவெதுப்பானது. குளிர்ந்த கடலில் கதை வேறு. நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றைப்போல் சுமார் 23 மடங்கு. ஒரு கன மீட்டர் நீரை ஒரு டிகிரி சூடேற்ற, அதே அளவு காற்றுக்கு வேண்டியதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பம் வேண்டும். அதாவது நீர், உடலின் வெப்பத்தை விரைவாகவும் வாங்கும். எவ்வளவு வாங்கினாலும் தான் சூடாகாது. 10 டிகிரி காற்றில் ஒரு சட்டையோடு நடக்கலாம். 10 டிகிரி நீரில் வெற்றுடம்போடு இருந்தால் சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்துப் போகும்.

இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த ஹியூ பிராட்னர் என்ற இயற்பியலார். 1950-களின் தொடக்கத்தில் அவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். உடல் சூடாக இருக்க அது உலர்ந்திருக்கவேண்டும் என்பதில்லை! நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பருக்குள் ஆயிரக்கணக்கான நுண்ணிய வாயுக் குமிழிகளை அடைத்துத் தைத்தால், அந்தக் குமிழிகளே வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். உள்ளே புகுந்த சிறிதளவு நீர் உடற்சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும். இதுதான் ‘வெட்சூட்’. இது உடலை ஒட்டித்தான் இருக்கவேண்டும். தொளதொளத்தால் குளிர்நீர் புகுந்து புகுந்து வெளியேறி வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். உடலோடு ஒட்டிய உடை எல்லாம் கவர்ச்சிக்கானது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இங்கே ஒட்டச் சொல்வது வெப்ப இயலே.

திரையில் குதிக்கும் பெண்

இந்த அளவுகோலோடு திரைக்கு வருவோம். வீடியோ விளையாட்டுகளில் உலகப் புகழ் பெற்ற பெண் பாத்திரம் லாரா கிராஃப்ட். இங்கிலாந்தின் டார்பி நகரில் இருந்த கோர் டிசைன் நிறுவனம் உருவாக்கி, 1996ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டூம் ரெய்டர்’ விளையாட்டின் கதாநாயகி. அறிவாளி, தைரியசாலி, தானே மலையேறி, தானே நீந்தி, தானே வெல்பவள். அந்த நாளில் இப்படி ஒரு பெண்ணைத் திரையின் நடுவில் நிறுத்தியது புதுமைதான். ஆனால் அவளுடைய உடல் இயற்கைக்குப் பொருந்தாத அளவுகளில் வரையப்பட்டிருந்தது. பனி படர்ந்த மலைக் குகையிலும் அரைக்காற்சட்டையோடுதான் திரிந்தாள். அவளை உருவாக்கிய டோபி கார்டு, விளம்பரங்களில் அவள் காட்டப்பட்ட விதம் பிடிக்காமல் 1997ஆம் ஆண்டில் நிறுவனத்தை விட்டு விலகினார்.

அதே ஆண்டில் வந்த இரண்டாம் விளையாட்டில் அவள் மூழ்கிய கப்பலைத் தேடிக் கடலுக்குள் இறங்குகிறாள். அந்தக் கட்டத்தின் பெயரே ‘நாற்பது பாகம்’ என்று பொருள்படும். பாகம் என்பது நம் மீனவர்களும் பயன்படுத்தும் ஆழ அளவு. நாற்பது பாகம் என்றால் ஏறத்தாழ 73 மீட்டர். பாயில் விதியைக் கொண்டு கணக்கிடுங்கள். 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 73 மீட்டரில் மொத்தம் 8.3 வளிமண்டலம். மேலே 6 லிட்டராக இருந்த நுரையீரல் காற்று அங்கே முக்கால் லிட்டருக்கும் குறைவாகச் சுருங்கும். அந்த ஆழத்தில் அவள் அணிந்திருப்பது வெட்சூட்தான். ஆனால் கால்களை மறைக்காத வெட்சூட்! பாதியைத் திறந்து வைத்த வெந்நீர்க் குடுவை வெந்நீரை எப்படிக் காக்கும்?

1998ஆம் ஆண்டின் மூன்றாம் விளையாட்டில் ஒரு மாற்றம். கதை அன்டார்டிகாவுக்குப் போகிறது. அங்கே நீரில் இறங்கினால் திரையில் ஒரு பட்டை குறையத் தொடங்கும். குளிர் உடலைத் தாக்குவதைக் காட்டும் அளவு அது. தீர்ந்தால் உயிருக்கு ஆபத்து. அங்கே லாராவுக்குத் தடித்த மேலங்கியும் நீண்ட காற்சட்டையும் கொடுத்தார்கள். குளிரைக் கணக்கில் எடுத்துக்கொண்ட இடத்தில் உடை தானாகவே சரியாகிவிட்டது பாருங்கள்!

மற்ற இடங்களில் ஏன் சரியாகவில்லை? விளையாட்டின் உள்ளே, பாத்திரத்தின் உடல் பெரும்பாலும் ஒரு மருந்துக் குளிகை போன்ற எளிய வடிவமாகத்தான் கணக்கிடப்படுகிறது. சுவரில் மோதுவதும், கீழே விழுவதும் அந்தக் குளிகையே. உடை என்பது அதன் மேல் போர்த்திய படம். அதற்கு எடை இல்லை, தடை இல்லை, வெப்பத்தைக் காக்கும் திறனும் இல்லை. இரும்புக் கவசமும் நீச்சல் உடையும் கணிப்பொறிக்கு ஒன்றே. முத்துக்குளிப்பவன் தவறான உடை அணிந்தால் மூச்சை விலையாகக் கொடுப்பான். திரையில் தவறான உடைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. ஆகவே அங்கே உடையைத் தீர்மானிப்பது கடலன்று; வரைபவரின் விருப்பமும் விற்பவரின் கணக்குமே.

கவசத்தின் வடிவம்

போர் விளையாட்டுகளில் வரும் பெண் வீரர்களின் கவசத்தையும் சோதிப்போம். கவசத்தின் வேலை இரண்டு. ஒன்று, அடியைப் பரந்த பரப்பில் பகிர்வது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். மற்றொன்று, வாள்முனையை வழுக்கி அப்பால் தள்ளுவது. பழைய மார்புக் கவசங்களின் நடுப்பகுதி படகின் முகப்பைப்போல் முன்னே புடைத்திருப்பது இதற்காகத்தான். எங்கே குத்தினாலும் முனை பக்கவாட்டில் வழுக்கி ஓடிவிடும்.

திரையில் பெண்ணுக்கு வரையும் கவசமோ உடலின் வளைவுகளை அப்படியே அச்செடுத்ததுபோல் இருக்கிறது. நடுவில் ஒரு பள்ளம். அந்தக் கவசத்தில் விழும் வாள்முனை எந்தப் பக்கம் வழுக்கும்? நடுப்பள்ளத்தை நோக்கி, அதாவது நெஞ்செலும்பை நோக்கி. மழைநீரை வீட்டிற்குள் வடிய விடும் கூரைபோல, அடியைத் தேடிப் பிடித்து நெஞ்சிலே சேர்க்கும் கவசம்! இடுப்பும் தொடையும் வெறுமையாக இருப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆண் பாத்திரங்களும் சில விளையாட்டுகளில் வெற்று மார்போடு வருகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களும் இயற்கைக்கு மீறிய தசைகளோடுதான் வரையப்படுகிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. விளையாடும் பையன் ‘நான் இவனைப்போல் வலிமையாக இருக்கவேண்டும்’ என்று நினைக்கும்படி அத்தசை வரையப்படுகிறது. பெண்ணின் உடையோ, விளையாடுபவன் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காக வரையப்படுகிறது. ஜப்பானின் நின்டெண்டோ 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மெட்ராய்டு’ விளையாட்டில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. தலை முதல் கால் வரை கவசம் அணிந்த விண்வெளி வீரர் ஒருவர் கதை முழுவதும் போரிடுகிறார். விரைவாக முடித்தவர்களுக்குக் கடைசிக் காட்சியில் அவர் பெண் என்று தெரியவரும். அருமையான திருப்பம்! ஆனால் இன்னும் விரைவாக முடித்தால் அவளுடைய உடை இன்னும் குறையும். வீராங்கனையின் கவசம், விளையாடியவனுக்குப் பரிசாகிவிட்டது.

யார் கண்ணுக்காக?

இது கணிப்பொறியோடு பிறந்த பழக்கம் அன்று. கடலில் குளிக்கும் பெண்களிடமே இதைக் காணலாம். ஜப்பானில் ‘ஆமா’ எனப்படும் பெண் குளிப்பாளிகள் நெடுங்காலமாகச் சிப்பியும் பாசியும் எடுத்து வருகிறார்கள். பழங்காலத்தில் அவர்களுக்கும் இடுப்புத் துணி மட்டுமே. நம் முத்துக்குளிப்பாளிக்குச் சொன்ன காரணமே அவர்களுக்கும். பிறகு, வளர்ப்பு முத்துக்குப் பேர்பெற்ற மிக்கிமோட்டோ, தம் தீவுக்கு வரும் வெளிநாட்டு விருந்தினர் காண்பதற்கு ஏற்ப அவர்களுக்கு வெள்ளை உடை அமைத்துக் கொடுத்தார் என்பர். இன்றும் அங்கே பயணிகளுக்கான காட்சியில் வெள்ளை உடைதான். 1967ஆம் ஆண்டில் வெளிவந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றில் இதே ஆமாப் பெண், சிறு நீச்சல் உடையோடு கதாநாயகனுக்குத் துணையாக வந்தாள். உண்மையான ஆமாக்களோ, 1960-களிலிருந்து படிப்படியாக வெட்சூட்டுக்கு மாறினார்கள். விருந்தினருக்கு ஓர் உடை. திரைப்படத்துக்கு ஓர் உடை. வேலைக்கு ஓர் உடை. கடைசி உடையை மட்டுமே கடல் தேர்ந்தெடுத்தது.

விளையாட்டுத் திடலிலும் இது நடந்தது. 2021ஆம் ஆண்டில் பல்கேரியாவின் வார்னா நகரில் நடந்த ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பால் போட்டியில், நார்வே நாட்டுப் பெண்கள் விதிப்படியான சிறு நீச்சல் உடையை மறுத்து அரைக்காற்சட்டை அணிந்து ஆடினார்கள். ஆண்களுக்கு அரைக்காற்சட்டை அனுமதிக்கப்பட்டிருந்தது! பெண்கள் அணிக்கோ 1,500 யூரோ அபராதம். உலகெங்கும் எதிர்ப்பு எழவே, அதே ஆண்டு இறுதிக்குள் விதி மாற்றப்பட்டது.

இப்போது, முன்னே நாம் குறித்துவைத்த சேலைக்குத் திரும்புவோம். திரையில் இருப்பவளிடமிருந்து பார்ப்பவரின் கண் உடையைக் குறைக்கிறது. கரையில் இருப்பவளுக்கு ஊராரின் கண் உடையைக் கூட்டுகிறது. இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றும். ஆனால் சமன்பாட்டின் வடிவம் ஒன்றே. இரண்டிலும் கடலைக் கேட்கவில்லை, அவளையும் கேட்கவில்லை. ஆகவே திரையிலுள்ள பெண்களுக்கு இன்னும் துணியைப் போர்த்துங்கள் என்று சொன்னால் பிரச்சினை தீராது. அவளுடைய வேலை என்ன, அதற்கு எது வசதி, அவளுக்கு எது விருப்பம் என்று கேட்டால்தான் தீரும்.

இதில் என்ன குடிமுழுகிப் போகிறது, விளையாட்டுதானே என்று சொல்வாரும் உண்டு. வகுப்பிலுள்ள பையனும் பெண்ணும் ஒரே விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள். வலிமை உள்ளவளாக இருந்தாலும் பார்க்கப்படுவதே உன் முதல் வேலை என்று அது பெண்ணிடம் சொன்னால், பையனிடமும் அதையே சொல்கிறது. நாளை அவன் தொழிற்சாலையில் பாதுகாப்புக் காலணி வாங்கும் அதிகாரியாகலாம். துறைமுகத்தில் தலைக்கவசம் வழங்கும் பொறியாளராகலாம். அங்கே பெண்ணின் அளவுக்கும் ஒன்று வேண்டுமே என்ற நினைப்பு அவனுக்கு வரவேண்டாமா? 2019ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் நாசா, இரு பெண்கள் சேர்ந்து விண்வெளியில் நடக்கும் திட்டத்தை மாற்றவேண்டி வந்தது. காரணம், இருவருக்கும் பொருந்தும் நடுத்தர அளவு விண்வெளி உடையின் மேற்பகுதி ஒன்றுதான் தயாராக இருந்தது! அக்டோபரில் கிறிஸ்டினா கோக், ஜெசிகா மெய்ர் ஆகிய இருவரும் சேர்ந்து நடந்து அக்குறையைத் தீர்த்தார்கள்.

மாற்றம் வராமலும் இல்லை. 2013ஆம் ஆண்டில் புதிதாக எழுதப்பட்ட ‘டூம் ரெய்டர்’ விளையாட்டில் லாரா நீண்ட காற்சட்டையோடு, நம்பக்கூடிய உடலளவோடு வந்தாள். விழுந்தால் அடிபட்டது; நனைந்தால் நடுங்கினாள். விளையாட்டும் நன்றாகவே விற்றது. இந்தியாவிலும் இத்தொழில் வளர்ந்து வருகிறது. தம்பியைத் தேடிச் செல்லும் ஒரு சர்க்கஸ் பெண்ணைக் கதாநாயகியாக்கிப் புனே நகரின் நோடிங் ஹெட்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘ராஜி’ என்ற விளையாட்டு 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாளைய விளையாட்டுகளை வரையப்போகிறவர்கள் உங்களிலும் இருக்கலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

1. ஒரே மாதிரியான இரண்டு சிறு கண்ணாடிக் குப்பிகளில் சம அளவு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஒன்றை மேசை மேலும், மற்றொன்றை வாளித் தண்ணீரிலும் வையுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டின் வெப்பநிலையையும் அளந்து பாருங்கள். பிறகு, மூன்றாவது குப்பி ஒன்றைக் குமிழிகள் உள்ள ரப்பர்த் துண்டால் சுற்றி நீரில் வைத்துச் சோதியுங்கள். பழைய ரப்பர்ச் செருப்பின் அடிப்பகுதியை வெட்டிக்கொண்டால் போதும்.

2. நீண்ட தொட்டி ஒன்றில் ஒரு மரக்கட்டையைச் சுருள்வில் தராசால் மாறா வேகத்தில் இழுத்து, அளவைக் குறியுங்கள். அதே கட்டையில் அரை மீட்டர் மெல்லிய துணியைத் தொங்கவிட்டு மீண்டும் இழுங்கள். பின்பு அத்துணியைக் கட்டையோடு இறுகச் சுற்றி இழுங்கள். மூன்று அளவுகளையும் ஒப்பிடுங்கள். சேலையை இழுத்துச் செருகும் பெண்ணுக்குத் தெரிந்த இயற்பியல் உங்களுக்கும் தெரியவரும்.

3. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண் ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்து ஒரு விளையாட்டு அமைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு உடை வரையுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் அதன் வேலையை ஒரே வரியில் எழுதுங்கள்: வெப்பம், வெயில், பாறை, சொறி, தடை, பார்வை. எந்தப் பகுதிக்கு எதிரே எழுத ஒன்றும் தோன்றவில்லையோ, அந்தப் பகுதி யாருக்காக வரையப்பட்டது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தப் படத்தைக் கடலில் இறங்கும் ஒரு அக்காவிடம் காட்டி, எதை மாற்றவேண்டும் என்று கேட்டு வாருங்கள்.